கரை மறைந்த பின்னும் குரல் எட்டுமா?

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில் மாலை வேளையில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கீழே ஓவர்லாக் இயந்திரங்களின் இரைச்சல். எந்தத் திசையில் நோக்கினாலும் கைப்பேசிக் கோபுரம் ஒன்று கண்ணில் படுகிறது. ஷிப்ட் முடித்து மேலே வந்த ஓர் இளைஞர், குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து இங்கு வேலைக்கு வந்தவர், கடலுக்குச் சென்றிருக்கும் தம் தந்தையை அழைக்கிறார். அவருடைய கைப்பேசியில் கோடுகள் முழுமையாக இருக்கின்றன. ஆயினும் காதில் விழுவது ஒரு பதிவுக் குரல்தான்: தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்!

இந்த எல்லையை வகுத்தவர் யார்? அரசாங்கமா, கம்பெனிக்காரர்களா? இருவரும் அல்லர். பூமி உருண்டையாக இருப்பதும், வானலைகளின் இயல்பும் சேர்ந்து வகுத்த எல்லை அது. அந்த எல்லையைக் கடலுக்குள் சற்றுச் சற்றாகத் தள்ளிவைக்க மனிதன் செய்துவந்த முயற்சிகளின் வரலாற்றை இங்குக் காண்போம். வேலம்பாளையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மேற்கே ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் கிடக்கும் மலபார்க் கடலுக்கும் இவ்வரலாற்றில் முக்கியமான இடம் உண்டு.

மலை மூழ்கும் கணக்கு

பெளதிக நூல்கள் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே நம் மீனவர்கள் இந்த எல்லையை அறிந்திருந்தனர். கட்டுமரம் கரையை விட்டு அகல அகல, முதலில் மணற்பரப்பு மறையும். பிறகு குடிசைகளும் தென்னந்தோப்பும் மறையும். அதன் பின் கோயில் கோபுரம் மறையும். கடைசியாக மூழ்குவது மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சி. எது எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்பதைக் கொண்டே தாம் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்று அவர்கள் கணித்தார்கள். உயரமான பொருள் நெடுந்தொலைவுக்குத் தெரியும் என்பதே இக்கணிப்பின் அடிப்படை.

கலங்கரை விளக்கத்தை உயரத்தில் வைப்பதும் இதனால்தான். மாமல்லபுரத்தில் புதிய கலங்கரை விளக்கம் எழும்பும் வரை, குன்றின் உச்சியிலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் மேல்தளத்திலேயே ஆங்கிலேயர் விளக்கேற்றி வந்தனர். ஆனால் விளக்கு ஒரு வழிச் செய்தி மட்டுமே சொல்லும். ‘இதோ கரை’ என்று அது கூறும். படகிலிருப்பவன் ‘ஆபத்து’ என்று கூவினால் அதற்குக் காது கிடையாது. வழி காட்டுவது வேறு, மறுமொழி கேட்பது வேறு. இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதி வரை இது நம்முடன் வரப்போகிறது.

கம்பியில்லாத் தந்தி கடலேறிய கதை

1897-ஆம் ஆண்டு மே மாதம் மார்க்கோனி பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் கடல் நீரைக் கடந்து கம்பியில்லாமல் செய்தி அனுப்பிக் காட்டினார். இரண்டே ஆண்டுகளில் அக்கண்டுபிடிப்பு உயிர் காக்கும் கருவியாயிற்று. இங்கிலாந்தின் குட்வின் மணல் திட்டுகளின் அருகே நங்கூரமிட்டிருந்த விளக்குக் கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. 1899 ஏப்ரலில் அக்கப்பல் மீதே ஒரு நீராவிக் கப்பல் மோதிவிட்டது. விளக்குக் கப்பலிலிருந்து கரைக்கு அபயச் செய்தி பறந்தது, உதவியும் வந்தது. கடல் கரையைக் கூப்பிட்டுப் பேசிற்று எனலாம்.

மார்க்கோனியின் அலைகள் நீளமானவை. நீண்ட அலைகளுக்கு ஒரு நற்குணம் உண்டு. அவை கடல் நீரின் மேற்பரப்பைத் தழுவி, பூமியின் வளைவோடு தாமும் வளைந்து செல்லும். உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், தரையைக் காட்டிலும் கடலில் அவை நெடுந்தூரம் போகும். ஏறத்தாழ அதே காலத்தில், 1895 வாக்கில், கல்கத்தாவில் நம் ஜகதீச சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீளமே கொண்ட மிகக் குறுகிய அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. வளைவுக்குப் பின்னே எட்டிப் பார்க்க மாட்டா. இன்றைய கைப்பேசி அலைகளின் நீளம் பெரும்பாலும் சாண் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். ஆகவே குணத்தில் அவை போஸ் ஆராய்ந்த அலைகளுக்கே நெருங்கிய உறவு.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய கதை உங்களுக்குத் தெரியும். அதில் நமக்கு வேண்டியது ஒரு செய்திதான். அதன் அருகில் இருந்த கலிபோர்னியன் கப்பலில் கம்பியில்லாத் தந்தி இருந்தது. ஆனால் அதை இயக்கும் ஒரே ஊழியர் உறங்கச் சென்றுவிட்டார். ஏறத்தாழ 58 கடல் மைல் தொலைவிலிருந்த கார்ப்பேத்தியா கப்பலின் ஊழியர் விழித்திருந்தார். ஏறத்தாழ 700 பேர் பிழைத்தது அதனால்தான். கருவி எட்டினால் போதாது, மறுமுனையில் கேட்க ஒருவர் இருக்கவேண்டும் என்பதை உலகம் அன்று கற்றது. 1914-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பல்கள் இடைவிடாது செவிமடுக்கவேண்டும் என்பதை வலியுறுத்தியது.

ஆனால் அந்த ஏற்பாடெல்லாம் பெரிய கப்பல்களுக்குத்தான். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகும் மீனவனுக்கு அடுத்த எண்பது ஆண்டுகளுக்குக் கலங்கரை விளக்கமும் வானொலிப் பெட்டியுமே துணையாயிருந்தன. இரண்டும் ஒரு வழிப் பேச்சுத்தான்.

மலபார்க் கடலில் மணி அடித்தது

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நடந்தது. 1997-க்கும் 2001-க்கும் இடையில் கேரளத்தின் வட பகுதிக் கடற்கரையில் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு எனக் கைப்பேசிக் கோபுரங்கள் படிப்படியாக எழுந்தன. அவை நகரங்களுக்காக எழுந்தவை. ஆனால் நகரங்கள் கடலோரத்தில் இருந்தமையால், கடலுக்குள்ளும் 20 முதல் 25 கி.மீ. வரை அலைகள் பரவின. மத்தி மீன் பிடிக்கும் படகுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே தொழில் செய்தன.

அதனால் விளைந்த மாற்றத்தை ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வாராவாரம் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார். கைப்பேசி வருவதற்கு முன், 1997 ஜனவரி 14 அன்று, வடகரைத் துறையில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றித் தம் மீனைக் கொட்டிவிட்டுச் சென்றார்கள். அதே காலை வேளையில் 15 கி.மீ. தொலைவுக்குள் இருந்த துறைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையுடன் திரும்பவிருந்தார்கள்! கைப்பேசி வந்ததும் மீனவர்கள் கடலிலிருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று விசாரித்துப் படகைத் திருப்பினர். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவர் வருவாய் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுக்கும் விலையோ 4 சதவீதம் குறைந்தது. இரு தரப்புக்கும் ஆதாயம்.

எவரும் திட்டமிடாமலே கடலுக்குள் வழிந்த அலை இத்தனை செய்தது. அது ஏன் 25 கி.மீ.யோடு நின்றது? இதற்கு மூன்று காரணங்கள் உள.

எல்லையை வகுக்கும் மூன்று தடைகள்

முதல் தடை பூமியின் வளைவு. இதை நீங்களே கணக்கிடலாம். ஏரியல் நீர்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள், வரும் விடை அது எட்டும் தொலைவு, கி.மீ. கணக்கில். இரு முனைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டவேண்டும். கரையில் 40 மீட்டர் கோபுரம்: 26 கி.மீ. படகில் நிற்பவர் கையிலுள்ள கைப்பேசி, 2 மீட்டர்: 6 கி.மீ. மொத்தம் 32 கி.மீ. அதற்கு அப்பால் கடலே சுவராக எழுந்து மறைக்கிறது.

வர்க்கமூலம் என்பதைக் கவனியுங்கள். தொலைவு இரட்டிக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். இந்தியாவிலேயே மிக உயர்ந்த கோபுரமான இராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரத்தின் உயரம் 323 மீட்டர். அதன் உச்சிக்கும் இக்கணக்கில் 74 கி.மீ.தான் கிடைக்கும். ஆனால் படகின் பக்கம் பாருங்கள்: 2 மீட்டரில் இருக்கும் ஏரியலை 9 மீட்டர்க் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினால் 6 கி.மீ. என்பது 12 கி.மீ. ஆகிவிடும். ஒரு கம்பத்தின் செலவில் ஆறு கி.மீ. இலாபம்!

இரண்டாவது தடை காலம். இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ 1,700-இல் ஒரு பங்கு நேரமே. தொலைவிலுள்ள கைப்பேசியின் அலை வந்து சேரத் தாமதமானால் அடுத்தவர் முறையில் இடித்துவிடும். அதனால் கோபுரம் ‘நீ சற்று முன்னதாகப் பேசத் தொடங்கு’ என்று ஒவ்வொரு கைப்பேசிக்கும் சொல்கிறது. இந்த முன்நகர்த்தலுக்கு வகுக்கப்பட்ட படிகள் 63. ஒவ்வொரு படியும் சுமார் 550 மீட்டருக்கு ஈடு. ஆக 35 கி.மீ. வேலம்பாளையத்தில் ஒரு கோபுரம் இருந்தால் இக்கணக்குப்படி எல்லை காங்கயத்தைச் சற்றுத் தாண்டி நிற்கும். அதற்கு அப்பால் கைப்பேசியில் கோடுகள் தெரிந்தாலும் அழைப்பு சேராது. இருவர் முறையை ஒருவருக்கே கொடுத்து இந்த எல்லையை நூறு கி.மீ.க்கு மேலும் நீட்டலாம். ஆனால் பேசக்கூடியோர் எண்ணிக்கை பாதியாகிவிடும். நான்காம் தலைமுறை முறையில் இந்தக் கால எல்லை வெகுவாகத் தளர்த்தப்பட்டுவிட்டது.

மூன்றாவது தடை கைப்பேசியின் பலவீனம். கோபுரம் பல வாட் வலிமையுடன் பேசுகிறது; நான்காம் தலைமுறைக் கைப்பேசியோ ஏறத்தாழ 0.2 வாட் வலிமையுடன் முணுமுணுக்கிறது. எனவே எல்லையோரத்தில் கோபுரத்தின் குரல் கைப்பேசிக்குக் கேட்கும். கைப்பேசியின் குரல் கோபுரத்துக்குக் கேளாது. கலங்கரை விளக்கத்தின் கதைதான் மீண்டும்!

வேறொரு விந்தையும் உண்டு. காற்றில்லாத வெப்ப நாட்களில் கடல் நீரை ஒட்டி ஈரக் காற்று ஒரு படலமாகத் தங்கும். அதற்குள் அகப்பட்ட அலைகள் குழாயில் ஓடும் நீர்போல வளைவைத் தாண்டிச் செல்லும். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயிலிருந்த ராடார், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த அரேபியக் கரையைக் காட்டியது இதனால்தான். ஆனால் காற்று பலமாக வீசத் தொடங்கினால் இப்படலம் கலைந்துவிடும். நேற்று இவ்விடத்தில் பேச முடிந்தது என்பதால் புயல் நாளில் அதே இடத்தில் பேச முடியும் என்று நம்பக்கூடாது. நல்ல நாளில் நீளும் எல்லை, தேவைப்படும் நாளில் சுருங்கிவிடுகிறது.

ஒலிபெருக்கியும் ஒக்கியும்

கடலிலிருப்பவனை எட்ட முடியாவிட்டாலும், போகும் முன் எச்சரிக்கலாம் அல்லவா? 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பைக் கணினியில் இறக்கி ஒலிபெருக்கியில் தமிழில் படித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கிற்று. நல்லவாடு என்ற மீனவர் ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியை அங்கே அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். தகவல் மையத்து ஒலிபெருக்கி அலறியது. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊரார் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தனர்.

ஆனால் 2017-இல் நிலைமை வேறு. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை முதலிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் வல்லவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கி, நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவு செல்பவர்கள். நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலை ஒக்கிப் புயலாக உருவெடுத்துக் குமரி முனையை ஒட்டிக் கடந்து இலட்சத்தீவு நோக்கிச் சென்றது. ஒரு நாளில் நிகழ்ந்த இம்மாற்றத்தை, முன்னரே கடலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லை. கைப்பேசிகளுக்கு எல்லை 30 கி.மீ. தொலைவோடு முடிந்துவிட்டது. படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ் கருவியும் அதே வளைவுக்குக் கட்டுப்பட்டதுதான். தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தோ காணாமலோ போயினர். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் குடும்பத்தார் நாள்கணக்கில் கரையில் காத்துக் கிடந்தனர். எச்சரிக்கை போய்ச் சேராதது ஒரு குறை. அபயக்குரல் வந்து சேராதது மற்றொரு குறை.

எல்லையைத் தள்ளும் புதிய வழிகள்

முதல் வழி, உயரமும் தொடர்ச்சங்கிலியும். கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தின் கொல்லம் அமிர்தபுரி வளாகத்தில், மனீஷா ரமேஷ் தலைமையில் ‘ஓஷன்நெட்’ என்ற முறை உருவாயிற்று. கரையில் உயரமான கோபுரம். படகின் உச்சியில் ஒரு கருவி. அக்கருவி கரையோடு நெடுந்தூர வை-ஃபை மூலம் பேசும். படகிலிருப்போரின் சாதாரணக் கைப்பேசி அக்கருவியோடு பேசும். ஒரு தாவலிலேயே 40 கி.மீ.க்கு மேல் போகலாம். படகுக்குப் படகு கைமாற்றி மேலும் நீட்டலாம். கைப்பேசி முணுமுணுத்தால் போதும், உரக்கச் சொல்லும் வேலையைக் கம்பத்திலிருக்கும் கருவி பார்த்துக்கொள்ளும். சிரமம் எங்கே என்றால், படகு ஆடும்போது ஏரியலின் முகமும் திரும்பிவிடுகிறது. அதைக் கரையை நோக்கியே இருக்கச் செய்வதுதான் கடினமான பொறியியல்.

கடைகளில் கிடைக்கும் சிக்னல் பெருக்கியை வாங்கிப் படகில் மாட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். உரிய அனுமதியின்றி அதைப் பயன்படுத்த நம் நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. காரணம் உண்டு: சரியாகப் பொருத்தப்படாத பெருக்கி தன் ஒலியையே தான் கேட்டு ஊளையிடும் மைக்கைப் போலாகி, கோபுரத்தின் காதை அடைத்துவிடும். ஒருவருக்கு எல்லை நீளும். ஊருக்கே தொடர்பு அறுந்துபோகும்.

இரண்டாம் வழி, கோபுரத்தையே விண்ணில் வைப்பது. 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோளுக்குப் பூமியின் வளைவு ஒரு பொருட்டன்று. ஒக்கிக்குப் பின், 2019 அக்டோபரில், ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ‘ஜெமினி’ என்ற கருவியை அறிமுகப்படுத்தின. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக் கோள்கள் மூலம் புயல் எச்சரிக்கையும் மீன்வளச் செய்தியும் கருவிக்கு வரும். அங்கிருந்து புளூடூத் வழியே மீனவரின் கைப்பேசித் திரையில் தோன்றும். கோபுரமே இல்லாத ஆழ்கடலில் சாதாரணக் கைப்பேசி எச்சரிக்கை பெற்றது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் இதுவும் ஒரு வழிச் செய்தியே. எச்சரிக்கை போகும்; அபயக்குரல் வராது.

அக்குறையைத் தீர்க்க இருவழிக் கருவி வேண்டும். செயற்கைக் கோள் தொலைபேசி இருக்கிறது. விலையும் கட்டணமும் அதிகம், பாதுகாப்புக் காரணங்களால் அனுமதியும் தேவை. எனவே இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில், குறுஞ்செய்தி மட்டும் இரு பக்கமும் செல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி உருவாயிற்று. 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. இதில் நீண்ட உரையாடலுக்கு இடமில்லை. ‘ஆபத்து, இந்த இடத்தில் இருக்கிறோம்’ என்ற ஒரு செய்தி கரைக்கு வந்தால் போதும். ஒரு குரலைச் சுமப்பதைவிட ஒரு சொல்லைச் சுமப்பது அலைக்கு மிக எளிது. மின்சாரமும் குறைவாகச் செலவாகும்.

நீங்கள் அறியவேண்டியவை

உங்கள் உறவினரோ நண்பரோ கடல் தொழிலில் இருந்தால் சில செய்திகளை அவருக்குச் சொல்லுங்கள். கைப்பேசியின் ஜி.பி.எஸ். வசதிக்குக் கோபுரம் தேவையில்லை. செயற்கைக் கோள்களின் அலையை அது நேரே பெறுகிறது. எனவே தாம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தொடர்பற்ற இடத்திலும் அறியலாம். தொடர்பு கிடைக்கும் கடைசி இடத்திலிருந்து வீட்டுக்கு அந்த எண்களை அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். எல்லையோரத்தில் பேச்சு அறுந்தாலும் குறுஞ்செய்தி நழுவிச் சென்றுவிடக் கூடும். கடல் ஆபத்துக்கு இந்தியக் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. கரையிலிருப்பவர்களும் இவ்வெண்ணை அறிந்திருக்கவேண்டும். படகு குறித்த நாளில் திரும்பாவிட்டால் முதலில் கவலைப்படுவது அவர்கள்தானே?

மீண்டும் வேலம்பாளையத்து மொட்டை மாடிக்கு வருவோம். அந்த இளைஞரின் கைப்பேசியில் கோடுகள் குறையவே இல்லை. இங்குக் கோபுரங்களுக்குப் பஞ்சமில்லை. வாங்கவும் விற்கவும் ஆள் இருக்கும் இடத்தில் அவை தாமே முளைக்கின்றன. கடலில் கட்டணம் செலுத்துவோர் சிலரே. அதனால் அங்குக் கம்பெனிகள் தாமாக அலையைக் கொண்டுசெல்வதில்லை. மலபாரில் அலை கடலுக்குள் வழிந்தது தற்செயல். ஒக்கி காட்டியது, தற்செயலை நம்பி ஆழ்கடலுக்குப் போகக்கூடாது என்பதை. 1899-இல் ஒரு விளக்குக் கப்பலுக்குக் கிடைத்த வசதி, நம் விசைப்படகுக்கு வந்துசேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

கருவிகள் இப்போது கைக்கு எட்டிவிட்டன. அவை எல்லாப் படகுகளுக்கும் போய்ச் சேரவேண்டும். பழுதானால் அந்தந்தத் துறையிலேயே சீர்செய்ய ஆள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வரும் செய்தியையும் படிக்கக் கரையில் ஒருவர் விழித்திருக்கவேண்டும். இவை மூன்றும் நிறைவேறினால், ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற பதிவுக் குரலைக் கேட்டாலும் அந்த இளைஞர் அஞ்சவேண்டியதில்லை. தந்தையின் குரல் எட்டாவிட்டாலும், அவர் எங்கே இருக்கிறார் என்ற சொல் எட்டிவிடும்.